பஞ்சை அழுத்தியபடி இரண்டு நிமிடம்

காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்குகிறேன்.
ராயபுரத்தில், பாலம் இறங்குகிற இடத்தில்
பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்.
காபி குடிக்காமல் வந்த ஏழெட்டுப் பேர்
என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.
வெறும் வயிற்றின் கோபம் அது.
எனக்குப் பழகிவிட்டது.

காலண்டர் எதற்கு எனக்கு?
பருவங்களை முழங்கை மடிப்பில் படிக்கிறேன்.
சித்திரையில் நரம்புகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.
"தண்ணி குடிச்சீங்களா?" என்றால்
எல்லோரும் குடித்தேன் என்பார்கள்.
நரம்பு பொய் சொல்லாது.
ஆனியில், சாப்பிட்டபின் ரத்தம் கொடுக்க
இரண்டாம் முறை வந்து உட்கார்ந்திருப்பவர்கள்,
சந்துக்குள் கடல்காற்று திரும்பியதும்
கேட்காமலே கையை நீட்டுவார்கள்.
மார்கழியில் விரல்கள் சில்லிட்டிருக்கும்;
என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான்
ஊசியைப் பிரிப்பேன்.
ஐப்பசி என்றால் காய்ச்சல்.
மழையோடு வரிசையும் தெருவில் இறங்கிவிடும்,
ஒரு குடைக்கு இரண்டு பேராக,
பிளேட்லெட் எத்தனை என்று தெரிந்துகொள்ள.

கையை மடக்குங்க.
மூச்சை நல்லா இழுங்க.
மெதுவா விடுங்க.
ஒரு நாளைக்கு எழுபது முறை சொல்கிறேன்,
லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல் மாதிரி.

போன ஐப்பசியில், மழை விடாத மூன்றாம் நாள்,
காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் ஜெபமாலை வந்தாள்.
என் வயதுதான் இருக்கும்.
கை முழுக்க உப்பும் ஐஸும் கீறிய கோடுகள்.
நரம்பு சட்டென்று கிடைத்தது.
குழாய் நிறைந்துகொண்டிருந்தபோது கேட்டாள்:
"என்னைய வுடச் சொல்லிட்டு
நீ இன்னாத்துக்கும்மா மூச்சை அடக்கிகினு கீற?"

சிரித்தேன்.
பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.
பதினொரு வருடம்.
ஊசி நுழையும்போது உள்ளே இழுத்ததை
அங்கேயே நிறுத்தி வைத்து
அடுத்த டோக்கனைக் கூப்பிடும்போதுதான் விட்டிருக்கிறேன்.
அவர்களுக்கு வலிக்காமல் இருக்க
நான் கட்டிய கப்பமோ என்னவோ.

அன்றிலிருந்து சரியாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
பாதி நாள் மறந்துவிடுகிறது.
முதலாளி போன் செய்த நாளில் மொத்தமாக.
ஆனால் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டும்போது
பெயரை இப்போது முழுதாக வாசிக்கிறேன்.
ரமீஜா பீ, நாற்பத்திரண்டு.
குணாளன், ஒன்பது.
தகரக் கூரையில் மழை விழுவது
ஒரு ஸ்டிக்கருக்கும் அடுத்த ஸ்டிக்கருக்கும் நடுவில்
ஒரு மூச்சளவு கேட்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன்.
பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சிக்கிட்டு
ரெண்டு நிமிஷம் உக்காருங்க" என்கிறேன்.
ஒரு கை மடங்கியிருக்கிறது. மறு கை அதைப் பிடித்திருக்கிறது.
போனை எடுக்க யாருக்கும் மூன்றாவது கை இல்லை.
அந்தப் பெஞ்சில்
ஊரே வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறது.
குணாளன் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணப் பார்த்து
மூன்றா நான்கா என்று விட்டுவிடுகிறான்.
ரமீஜா பீ ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்க்கிறார்,
ஒரு ஆட்டோ போனதும் அதில் பாலம் உடைவதை,
பிறகு மெல்லக் கூடுவதை.
புருவங்களுக்கு நடுவே ஏதோ முடிச்சு தளர்கிறது.
நேரமானதும் பஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டு
செருப்பைத் தேடுகிறார்கள்,
வந்த முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு.

ராத்திரி.
மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.
குக்கரில் மூன்றாவது விசில் இன்னும் வரவில்லை.
சமையலறைத் தரையில், கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
இடது கையில் முழங்கை மடிப்பைக்
கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறேன்.
ஊசி இல்லை, பஞ்சு இல்லை.
விரலுக்கடியில் தட்டிக்கொண்டே இருக்கிறது ஒன்று,
வெளியே மழை பெய்கிற கணக்கோடு சேராமல்.

"அம்மா, டேங்க் ரொம்பி வழியுது!"
மாடியிலிருந்து பையன் கத்துகிறான்.
நீயே நிறுத்துடா என்கிறேன்.
இன்னும் அரை நிமிடம் பாக்கி இருக்கிறது.