எண்பதில்

ருஸ்தாவி கார்ச் சந்தையில்
டீசலும் வறுத்த சூரியகாந்தி விதையும் மணத்தன.
வாசாவுக்கு மெர்சிடிஸ் மேல் கண்.
தொண்ணூற்றொன்றாம் வருடத்தது, கறுப்பு.
இடது பின்கதவு மட்டும் வேறொரு கறுப்பு.
நான் அளவுநாடாவோடு போயிருந்தேன்:
என் டபுள் பேஸ் நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர்,
உறையோடு இன்னும் நான்கு.

சாவியைத் தருமுன் குராம்
பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல.
ஓட்டினேன்.
மூன்றாம் கியரில் அது இழுத்த இழுப்பில்
வயிறு ஒரு நொடி பின்சீட்டிலேயே தங்கிவிட்டது.
வளைவுகளைக் கேட்டு வாங்கியது.
நாற்பத்தாறு வயதில் வாய்விட்டுச் சிரிக்க
ஒரு கார் போதும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு டிக்கியைத் திறந்தோம்.
நான்கு மூட்டை உருளைக்கிழங்கு கொள்ளும்.
பேஸ் கொள்ளாது.
"கூரைமேல் கட்டிக்கொள்ளலாமே, லமாரா."
கட்டுவதை உன்னோடு நிறுத்திக்கொண்டேன் என்றேன்.
குராம் வேறு பக்கம் பார்த்தார்.
நூறு கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர் குடிக்கும்.
உதிரிபாகத்துக்கு யானை வாங்கியவன்
அங்குசத்துக்கு அலைகிற கதை.

அடுத்த வரிசையில் ஓப்பல் அஸ்ட்ரா,
தொண்ணூற்றேழு, நீண்ட பின்புறம்,
பச்சை என்று சொன்னால் பச்சை.
முன் பம்பர் இல்லை.
எத்தேரி "ஓடும்" என்றாள்.
அதற்குமேல் ஒரு பொய்யும் சொல்லவில்லை.
மேட்டில் அதற்கு மூச்சு வாங்கியது.
முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்திவிட்டு
மன்னிப்புக் கேட்பதுபோல ஹாரன் அடித்தது.
ஆனால் ஏழு லிட்டர்.
பாகங்கள் குத்தாயிசியில் எந்தத் தெருமுனையிலும்.
பின்சீட்டை மடித்து அளந்தேன்: நூற்று எழுபது.
மீதிப் பதினாறு சென்டிமீட்டர்
வாசாவின் காதோரம் வந்து நிற்கும்.
"என் தோளிலா?"
என் தோளில் இருபது வருஷம் இருந்திருக்கிறது என்றேன்.

வாங்கினோம்.
ரிகோத்திக் கணவாய் ஏறுகையில்
அந்த மெர்சிடிஸ் எங்களைக் கடந்தது,
இரண்டு கறுப்பும் வெயிலில் தனித்தனியாகத் தெரிய.
உள்ளே யாரோ ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.
அது என் சிரிப்பு.
பொறாமை இல்லை என்று எழுதினால்
இது பொய்க் கவிதை.

அக்டோபரில், பத்தூமிக் கச்சேரி முடிந்து
இரவில் திரும்பும்போது
எண்பதில் பின்னால் ஏதோ முனகியது.
வீல் பேரிங் என்றான் வாசா. செலவு என்றான்.
தொண்ணூறில் நின்றுவிட்டது.
எழுபதிலும் இல்லை.
எண்பதுக்கு வந்தேன், மறுபடியும்:
எஞ்சினின் நடுக்கம் வாத்தியத்தின் வயிற்றில் ஏறி
ஆகத் தடித்த தந்தியைத் தொட்டிருக்கிறது.
சுருதி கொஞ்சம் குறைவுதான்.
வாசா எதுவும் சொல்லாமல்
அதன் கழுத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு
ரேடியோவை அணைத்தான்.

பின்னால் எவனோ
விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறான்.
முந்திக்கொண்டு போகட்டும்.