ஏழாம் பாடம்: பழைய நகரில் ஒரு சனிக்கிழமை

மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி மூன்று, சுற்றுவது ஒன்று.
இரவு டியூட்டி முடிந்து
கையில் ஸ்பிரிட் வாடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
இன்றைக்கு நான் சுற்றுலாப் பயணி.
பெனிட்டா டிக்கெட் கவுண்டர்.

புத்தகத்துக்குள் அந்த ஜெர்மன் ஊர் வழவழவென்று இருக்கிறது.
மரச்சட்டம் குறுக்கிட்ட வீடுகள்,
ஜன்னல்தோறும் சிவப்புப் பூ,
சுற்றிலும் கல் மதில்.
மணிக்கூண்டில் மூன்றேகால்.
எப்போது திறந்தாலும் மூன்றேகால்.

"அருங்காட்சியகம் எத்தனை மணி வரை?"
"ஆறு வரை. அவசரமா?"
"இல்லை. எனக்கு நிறைய நேரம் இருக்கிறது."
இங்கேதான் ஒவ்வொரு முறையும் நாக்கு குழறுகிறது.
வினைச்சொல் அதன் இடத்தில்தான் நிற்கிறது, ஆனாலும்
சகாயநாதன் சார் தலையை ஆட்டுகிறார்:
நம்பாமல் சொல்றீங்க, சிஸ்டர்.

உண்மைதான்.
வலிக்கிறதா, எங்கே, எப்போதிலிருந்து,
படுக்கைப்புண்ணுக்கு என்ன பெயர்,
திரும்பிப் படுங்கள், மெதுவாக, மெதுவாக:
இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.
ஏஜென்சியில் கேட்டதும் இதைத்தான்.
சும்மா ஓர் ஊருக்குப் போய்
சும்மா ஒரு சுவரைப் பார்த்து நிற்பதற்குத்தான்
மொழி போதவில்லை.

அடுத்த பக்கத்தில் சதுக்கம்.
பெனிட்டா ஐஸ்கிரீம்காரி ஆகிவிட்டாள்.
ஸ்வை கூகெல்ன் வெனிலா, என்றேன்.
கூகெல் என்றால் உருண்டை.
அங்கே ஐஸ்கிரீமுக்கு உருண்டைக் கணக்காம்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு நிமிடம்:
உங்கள் ஊரில் பார்க்க வேண்டிய ஓர் இடம்.
சில்வர் பீச், என்றான் இளம்பரிதி.
பதினாறு பேரும் சில்வர் பீச் என்று எழுதிக்கொண்டோம்.
என் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்த பெனிட்டா கேட்டாள்:
உன் அட்ரஸ்ல எதுக்குடி குண்டு?

குண்டு உப்பலவாடி.
இருபத்தாறு வருஷமாய் எழுதுகிறேன்,
ரேஷன் கார்டில், ஆதாரில், போன மாதம் பாஸ்போர்ட்டில்.
பருத்த ஆள் யாரோ முன்னே இருந்திருப்பார்
என்று நினைத்ததோடு சரி.

செல்போனை நோண்டி அவளே வாசித்தாள்.
கோட்டையை விலை பேசினார்களாம்.
எல்லை எதுவென்ற கேள்விக்குப் பீரங்கியை வெடித்தார்களாம்.
குண்டு போய் விழுந்த இடம் வரை
ஊர், வயல், வாய்க்கால்
எல்லாம் வாங்கினவனுக்கு.
நாங்கள் குண்டு விழுந்த தூரத்துக்குள் இருந்திருக்கிறோம்.

சார், பீரங்கிக் குண்டுக்கு அங்கே என்ன?
அதுவும் கூகெல்தான்மா.

ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் போனோம்.
கோட்டை என்று சொல்லக் கொஞ்சம் செங்கல்,
இடுக்கில் எருக்கு,
பூட்டின கேட்.
வாட்ச்மேன் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.
"யாரைப் பாக்கணும்?"
"யாரையும் இல்லண்ணே. சும்மா பாக்க வந்தோம்."
"பட்டா விஷயமா?"
"இல்ல."
"சர்வேயா?"
"சும்மாண்ணே."
அவரும் நம்பவில்லை.

எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று
பெனிட்டா ஜெர்மனில் கேட்டுவிட்டு
என் தோளில் விழுந்து சிரித்தாள்.
கம்பி வழியே பார்த்தோம்.
உள்ளே ஓர் ஆடு. நிழலில் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
சலுகைக் கட்டணத்தில் வந்த ஆடு.

கடற்கரையில் ஐஸ் வண்டி.
பிளாஸ்டிக் பந்துக்குள் அடைத்து விற்கிறானே, அது.
ரெண்டு பந்து, வெனிலா.
மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றோம்.
மணி ஐந்தே முக்கால்.
எட்டுக்கு வார்டில் இருக்க வேண்டும்.
விசா வந்தால் பங்குனியில் விமானம்.

காலிப் பந்தை மணலில் வைத்தேன்.
காற்று அதைத் தள்ளியது,
நின்றது, யோசித்தது,
மறுபடி உருண்டது.
எதுவரை போகும் என்று
பார்த்துக்கொண்டே நின்றோம்.