ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கண்டம்

விடியாத ஐந்தே முக்கால்.
முப்பத்தொரு டிகிரி, முன்னால் கழித்தல் குறியோடு.
டிப்போவில் மின்சிலு
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு
எட்டாம் எண் டிராமை எழுப்புகிறாள்.
அது முதலில் இருமுகிறது.

வலக்கரை ஐரோப்பா. வீடுகள், பள்ளி, ரொட்டிக்கடை.
இடக்கரை ஆசியா. உலை, புகை, சம்பளம்.
நடுவே யூரல் ஆறு உறைந்து கிடக்கிறது,
யாரையும் பிரிக்கும் உத்தேசம் இல்லாமல்.
அதன் பழைய பெயர் யாயிக்.
கலகக்காரர்கள் குடித்த தண்ணீர் என்று
ஒரு மகாராணி அந்தப் பெயரை அழித்தாளாம்.
மின்சிலு வீட்டில் இன்னும் யாயிக்தான்.
ஆணை எட்டாத இடம் சமையலறை.

ஆறு போக்கு, ஆறு வரத்து.
நாளொன்றுக்குப் பன்னிரண்டு கண்டம் அவளுக்கு,
எந்தச் சோசியனும் கணிக்காதவை.

பயணிகள் ஜன்னல் பனியை நாணயத்தால் சுரண்டி
ஆளுக்கொரு கண்ணளவு உலகம் எடுத்துக்கொள்கிறார்கள்.
மூன்றாம் இருக்கையில் ஃபெவ்ரோனியா.
வடக்கே கல்நார் வெட்டும் ஊர்க்காரி.
கல்லில் நார் உரிக்க முடியாது என்று
அவளிடம் யாரும் சொல்லிவிட முடியாது.
இருபத்திரண்டு வருடம் உரித்தாள்.
உரித்ததில் கொஞ்சம் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருமுறை
அதை வெளியே கூப்பிட்டுப் பார்க்கிறாள்.
வருவதில்லை.

பின்கதவருகே இல்கிஸ், உருட்டாலைக்காரன்.
கொதிக்கும் இரும்புக்குப் பயப்படாதவன்,
நேரம் பதியும் எந்திரத்துக்குப் பயப்படுவான்.

இன்று பாலத்தின் நடுவில் மின்சாரம் போனது.
முன்பெட்டி ஆசியாவில், பின்பெட்டி ஐரோப்பாவில்.
ஒரு பெருமூச்சோடு வெப்பமூட்டியும் அணைந்தது.
"எந்தக் கண்டத்தின் கணக்கில் தாமதம் எழுதுவார்கள்?"
யாரோ கேட்டார்கள். சிரிப்பு ஆவியாய் வந்தது.
முதலில் குதித்தவன் இல்கிஸ்.
பிறகு எல்லோரும், தண்டவாளத்தோரமாக,
தலை குனிந்து,
முன்னால் போனவர் காலடியில் காலடி வைத்து.

ஃபெவ்ரோனியா போகவில்லை.
ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி
மின்சிலுவிடம் நீட்டினாள்.
எதிர்க் கண்ணாடியில்
மலை இருந்த இடம்.

காந்தமலை. அந்தப் பக்கம் போன குதிரைகளுக்கு
லாடம் கனத்ததாம்.
திசைகாட்டி முள் வெறிபிடித்துச் சுழன்றதாம்.
மண்வெட்டியில் தொடங்கி
எந்திரப் பற்களால் தின்று முடித்தார்கள்.
இப்போது அங்கே இருப்பது தலைகீழ் மலை,
படிப்படியாய் இறங்கும் பள்ளம்,
விளிம்பில் யாரும் நடாத பிர்ச் கன்றுகள்.
உலைக்குப் பசி போகவில்லை.
தாது எல்லை தாண்டி
கசாக் புல்வெளியிலிருந்து ரயிலேறி வருகிறது.

"அவ்வளவும் எங்கே போயிற்று?"
ஃபெவ்ரோனியா கேட்டது கேள்வி இல்லை,
இரண்டு இருமலுக்கு நடுவில் ஒரு நிரப்பல்.
மின்சிலு பூட்ஸ் காலால் தரையைத் தட்டினாள்.
சக்கரம். தண்டவாளம். பாலத்தின் விலா எலும்பு.
போன திசையிலேயே நின்றுவிட்ட பீரங்கி வண்டிகள்.
எங்கோ யாரோ ஒருத்தியின் வாணலி.
நிமிர்ந்து நின்றது படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.
நாம் இப்போதும் மலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

மிச்சம் ஒரு துண்டு அவளிடம் உண்டு.
ஓட்டுநர் பலகையில்,
கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது,
கறுப்பு, ஒரு பக்கம் உடைந்தது.
திசைகளையே குழப்பிய மலை
இரும்புத் தகட்டோடு சேர்த்து
ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது:
முட்டைக்கோஸ். தீப்பெட்டி.
மகளுக்கு பூட்ஸ், அளவு முப்பத்தாறு,
அதை அடித்துவிட்டு
முப்பத்தேழு.

விளக்கு துடித்து எரிந்தது.
காலி டிராம் ஆசியாவுக்குள் நகர்கிறது.
நடப்பவர்களுக்காக மின்சிலு மணி அடிக்கிறாள்.
பனி தட்டி, திட்டிக்கொண்டே ஏறுகிறார்கள்,
இல்கிஸைத் தவிர எல்லோரும்.

அவன் முன்னால்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.