ஐந்தால் பெருக்குதல்

விடியற்காலை மூன்றரைக்குக் காசிமேட்டில்
அறுபது விசைப்படகு அணைந்தால்
பன்னிரண்டைக் கேட்டால் போதும்.
எந்தப் பன்னிரண்டு என்பதை
முதல்நாள் மாலையே குலுக்கல் சொல்லிவிடும்.
வரும் எடையை ஐந்தால் பெருக்கினால்
துறைமுகம்.

அட்டையில் கவ்விய படிவம்,
முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்,
ஐஸ் மிஷின் மூச்சு வாங்கும் இடைவெளியில்
கத்திக் கேட்க வேண்டும்: எத்தனை கூடை?

'இன்னா மேடம், இன்னிக்கும் நம்ம போட்டா?
ஏலச்சீட்டு ஒரு தபா வியல,
இது மட்டும் டாண்ணு வியுது.'
அஞ்சாபுலி சிரிப்பார். சிரித்தபடியே
இரண்டு கூடை குறைத்துச் சொல்வார்.
கண்டதைத்தான் எழுதுவேன் என்று
அவருக்கும் தெரியும்.

வவ்வால், அரைக் கூடை.
வஞ்சரம் ஏழு. கூடை இல்லை, மீன்.
சங்கரா பதினாலு,
ஸ்கேலில் பாதிகூட எட்டவில்லை.
முன்பெல்லாம் வலையிலிருந்து பிய்த்துக்
கடலிலேயே விட்டெறிந்த கிளாத்தி
முப்பத்தொன்று.
கழசலைக்
கூடையாகக் கேட்பதை விட்டு நாளாயிற்று.
லாரியாகக் கேட்கிறேன்.
மண்வெட்டியால் வாருகிறார்கள்:
விரலளவு பாறை, நகமளவு கணவாய்,
கண் மட்டும் வளர்ந்துவிட்ட ஏதோ ஒன்று.
எல்லாம் கோழித் தீவனத்துக்கு.

படிவத்தில் அதன் பெயர் 'மற்றவை'.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடைசி வரி.
இப்போதும் கடைசி வரிதான்,
மேலே உள்ளவை எல்லாம் கூடினாலும்
அதன் எடைக்கு வராது.

ஆண்டு முடிவில் வரைபடக் கோடு ஏறியிருந்தது.
கூட்டத்தில் சமோசா கொடுத்தார்கள்.
டன்னில் பொய் இல்லை.
எத்தனை மணி நேரம் ஓடினீர்கள் என்றும்
ஒரு கட்டம் உண்டு. அதை யாரும்
கோடாக வரையச் சொன்னதில்லை.
அஞ்சாபுலி சொன்னபடி எழுதியிருக்கிறேன்:
முதல் ஆண்டு, ஆறு.
போன செவ்வாய், முப்பத்தெட்டு.
'ஆந்திரா லைட்டு தெரிஞ்சிது மேடம்,
மீனுதான் தெர்ல.'

மாசியில் ஒருநாள் ஒரு கூரல் விழுந்தது,
குலுக்கலில் வந்த படகில். பதினெட்டு கிலோ.
தேசப்பனின் ஏலக் குரலே கொஞ்சம் பிசிறியது.
வயிற்றுக்குள் இருக்கும் நெட்டிக்காக
யாரோ முகம் தெரியாத ஆள்
செல்போனில் விலையை ஏற்றிக்கொண்டே போனார்.
நாகபூஷணம் வெறுங்கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள்,
அன்றைக்கு அவள் யாவாரமே பண்ணவில்லை.

ஒன்று என்று எழுதினேன்.
அலுவலகத்தில் அது ஐந்தாயிற்று.
பிடிபட்டதாகப் பதிவாகிவிட்ட
நான்கு கூரல்
சேதி தெரியாமல்
எங்கோ நீந்திக்கொண்டிருக்கின்றன.

சித்திரையில் தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் படகுகள்
இடுப்போடு இடுப்பு உரசி நிற்கும்.
பெயிண்ட் நெடி, வெல்டிங் பொறி, சீட்டாட்டம்.
எனக்கு லீவு இல்லை.
பூஜ்யத்தையும் நேரில் வந்துதான் எழுத வேண்டும்.
பெருக்குவதற்கு மட்டும்
அதைவிட லேசான எண் கிடையாது.

ஆனி பிறந்து கடல் திறந்து
முதல் படகுகள் திரும்பிய காலை,
படிவத்தை மடித்த பிறகு
அஞ்சாபுலி ஒரு கேரிபேக்கைக் கையில் திணித்தார்.
'கொயம்புக்கு. இத எய்திடாத.'
காரப்பொடி. முக்கால் கிலோ இருக்கும்.
பதினோரு வருடமாக நான் எழுதாத மீன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கணக்குப் போட்டேன்.
படகுக்கு எட்டு ஆள், எட்டுப் பை,
அறுபது படகு,
வருடத்துக்கு எத்தனை நடை,
அப்புறம் எனக்குத் தந்தது...

தண்டையார்பேட்டை வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.
பை ஒழுக ஆரம்பித்திருந்தது.