பின் சீட்டில் சேணம்

பட்டகோனியாவில் முதலில் தூசி வரும், ஆள் பிறகு.
அன்று தூசி தெரிந்து
ஒரு குவளை மாத்தே போட்டுக் குடித்து முடித்தும்
வண்டி என் பெட்ரோல் பங்குக்கு வந்து சேரவில்லை.

பழைய ரெனோ. ஒரு கதவு நீலம், மற்றவை துரு.
இறங்கியவர் கேட்காமலே "எண்பத்தொன்று" என்றார்.
வேகமோ என்று விழித்தேன்.
வயதாம். வேகம் முப்பது.
"அதைத் தாண்டினால் எங்கள் இருவருக்கும் நெஞ்சடைக்கும்."

எவரிஸ்தோ என்று பெயர்.
ஒன்பது நாளாக, பகலில் மட்டும் ஓட்டுகிறார்.
இருட்டினால் சாலை இரண்டாகிவிடுமாம்;
இரண்டிலும் போய்ப் பார்த்தாயிற்று, பள்ளம்தான்.

பின் சீட்டில், கம்பளி போர்த்தி
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது
குழந்தைச் சேணம் ஒன்று.
குதிரை எங்கே என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

இருபது லிட்டர் நிரம்பும் நேரத்தில் சொல்லிவிட்டார்:
சீட்டாட்டக் கடன்.
மகள் பள்ளிக்கூடம் போயிருந்த செவ்வாய்க்கிழமை.
வாங்க வந்தவன் சேணம் சிறிசு, வேண்டாம் என்றான்.
அதற்குத்தான் நாற்பத்தோரு வருடமாக
எண்ணெய் தடவி வருகிறார்.

"மகளுக்கு இப்போது?"
"ஐம்பத்து நான்கு."
"என்ன சொல்லப் போகிறீர்கள்?"
"ஒன்பது நாளில் நான்கு சொல் சேர்ந்திருக்கிறது.
அதில் ஒன்று அவள் பெயர்."

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
காற்று அவர் தொப்பியைப் பறித்தது,
ஓடிப் பிடித்துக் கொடுத்தேன்.
அவ்வளவுதான் எனக்கும் இதற்கும் உள்ள தொடர்பு.
ஆனாலும் லாரிக்காரர்களிடம்
நீலக் கதவைப் பார்த்தீர்களா என்று
மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு தெற்கிலிருந்து தூசி.
அதே முப்பது.
பின் சீட்டில் சேணம் இல்லை.
அதே பெல்ட்டுக்குள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.

இந்த முறை நான் எதையும் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"வாசலில் நான்கு சொல்லும் போய்விட்டது.
குதிரை பேரைத்தான் சொன்னேன், கஸ்தான்யா என்று.
அது கஸ்தான்யா இல்லையாம்.
விற்ற குதிரையின் பேர்கூடத் தெரியாத மனிதன் என்று
இரண்டு நாள் திட்டினாள்,
சாப்பாட்டு வேளை தவிர."

ஸ்டியரிங் நடுவில் ஒரு காகிதத் துண்டு,
பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது.
அவர் கையெழுத்து இல்லை, அழுத்தமான பெரிய எழுத்து:
கனேலா.

"டிசம்பரில் மறுபடி போகவேண்டும்,
கேட்பாளாம்" என்றார்.
முழு டாங்க் நிரப்பச் சொன்னார்.
நிரப்பும்போது உதடு அசைந்தபடியே இருந்தது,
பரீட்சைக்குப் போகும் பையனுக்குப் போல.