ஆறாவது பர்னர்

வண்ணார்பேட்டை பைபாஸில்
பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால் அந்தக் கடை.
ஏசிக்காகத்தான் முதல் தடவை ஏறினேன்.
சித்திரை மாதம், மணி மூன்று,
ரோட்டுத் தாரில் செருப்பு ஒட்டிக்கொண்டது.

உள்ளே நின்றது அது.
ஆறு பர்னர். கீழே இரண்டு அவன்.
பித்தளைக் கைப்பிடி.
எருமைக் கன்று அளவுக்கு உடம்பு.
நிறத்துக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள்:
நள்ளிரவு நீலம்.
விலைச்சீட்டு கவிழ்ந்து கிடந்தது,
திருப்பிப் பார்த்தேன்.
ஒன்பது லட்சத்து எழுபதாயிரம்.
எங்கள் வீட்டுக் கடனில் இன்னும் மிச்சம்
ஏழே கால்.

‘உங்க கிச்சன் என்ன சைஸ் மேடம்?’
டை கட்டிய பையன். முக்கூடல் பக்கம்,
பேச்சில் தெரிந்தது.
‘பெருசுதான்’ என்றேன்.
பொய் சொன்ன வாய்க்கு
ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான்.

பிறகு வியாழக்கிழமைதோறும் போனேன்.
மற்ற நாட்களில்
தாலுகா ஆபீசில் பட்டா மனுவுக்கு எண் போட்டுக்கொண்டே
அதில் சமைத்தேன்.
முதல் பர்னரில் சொதி,
தேங்காய்ப்பால் திரியாமல்
விளிம்பில் மட்டும் நுரை கட்டுகிற சூட்டில்.
இரண்டாவதில் உருளைக்கிழங்கு. மூன்றாவதில் சோறு.
நான்காவதில் ரசம். ஐந்தாவதில் வெந்நீர்.
ஆறாவதில் என்ன வைக்க?
ஆறாவது சும்மா இருக்கட்டும்.
சும்மா இருக்கிற ஒன்று
எங்கள் வீட்டில் இதுவரை இருந்ததில்லை.

ஒரு ஞாயிறு வெயிலுமுத்து தூங்கும்போது
டேப்பை எடுத்து அடுக்களையை அளந்தேன்.
பக்கவாட்டில் திருப்பினால் வாசல் தாண்டிவிடும்.
தாண்டிய பிறகு ஃப்ரிட்ஜ் திறக்காது.
அவன் கதவைத் திறந்தால்
சமைக்கிறவள் ஹாலில் நிற்க வேண்டும்.
சுவரை இடிக்கலாம்,
அந்தப் பக்கம் கக்கூஸ்.
ஆறும் எரிந்தால் சிலிண்டர் எத்தனை நாள் என்று
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டு
விடை வரும்முன் கிழித்துவிட்டேன்.

இருக்கிற அடுப்பில் இடது பக்கம் எரியும்.
வலது பக்கம் ஊக்கால் குத்தினால் எரியும்,
மஞ்சளாக, குக்கர் அடியில் கரி பூசிக்கொண்டு.
மகள் ஆவுடைக்கு ஆறே முக்காலுக்குக் காலேஜ் பஸ்.
பால் இறங்க இட்லி காத்திருக்கும்,
இட்லி இறங்கத் தாளிப்புக் கரண்டி,
கரண்டி இறங்க நான்.

போன வியாழன் கேட்டேவிட்டேன்,
‘இட்லிக் கொப்பரை தாங்குமா தம்பி?
மீன்சட்டி அடி உருண்டையா இருக்கும்,
ஆடாம நிக்குமா?’
கையேட்டைப் புரட்டினான்.
அதில் மீன்சட்டி இல்லை.
முதலாளி இருக்கிற பக்கம் ஒரு பார்வை,
அப்புறம் மெதுவாக,
‘அக்கா, நாலு மாசமா இது இங்ஙனதான் நிக்கு.
கேஸே குடுக்கல.
ஒரு நாள்கூட பத்த வச்சுப் பாத்ததில்ல.’

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று
பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.
இதுவரை தீயே பார்க்காத அடுப்பு.
பாவமாகக்கூட இருந்தது.

பேட்டையில் மைதீன் பாய் கடை.
எங்கள் அடுப்பைக் குப்புறப் போட்டுத் தட்டினார்.
‘பாடி கெட்டி. பர்னர் ரெண்டும் மாத்துங்க.
ட்யூபுக்கு நாள் தாண்டிட்டு, இதோட வீட்ல தூங்குனியளா?
எல்லாம் சேத்து அறுநூத்தம்பது.’
பித்தளை பர்னர்.
கையில் வாங்கினால்
நினைத்ததைவிடக் கனம்.

அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி
மேடையைத் துடைத்த பிறகு
வலது பக்கத்தைப் பற்றவைத்தேன்.
மேலே ஒன்றும் வைக்கவில்லை.
ஊக்கு தேவைப்படவில்லை.
வட்டமாக, சத்தமில்லாமல் நின்றது.
நீலம்தான், அந்த நீலம் இல்லை.
அதில் கறுப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

‘அடுப்புல என்னட்டி வச்சிருக்க?’
கட்டிலில் இருந்து வெயிலுமுத்து.
‘ஒண்ணுமில்ல.’
‘பெறவு எதுக்கு எரியுது?’

சிலிண்டர் விலை ஞாபகம் வந்தது.
நூறு எண்ணிவிட்டு அணைத்துவிடலாம் என்று
எண்ண ஆரம்பித்தேன்.
அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு எண் தவறியது.
திரும்பவும் ஒன்றிலிருந்து.