பழுதுப் பதிவேடு

வால்பரைசோவில் எங்கள் குன்றுக்கு ஏறும் விஞ்ச்
என் பாட்டனைவிட மூத்தது.
அதன் சீட்டுக் கூண்டுக்குள் பதினான்கு வருடமாய் நான்.
ஒரு நாள் அது லேசாக முனகியது.
அவ்வளவுதான், நகராட்சியிலிருந்து மூன்று பேர்,
டார்ச், எண்ணெய்க் குடுவை, கம்பியின் தடிமன் அளக்க ஒரு கருவி.
பயணிகளை இறக்கிவிட்டுப் பலகை மாட்டினார்கள்:
பராமரிப்பில். பொறுத்தருள்க.

நான் முனகியபோது
டாக்டர் சல்தீவியா கணினியைப் பார்த்துச் சொன்னார்:
"ரத்தம் சுத்தமாக இருக்கிறது, சென்யோரா."
ஏதோ நான் அதில் தண்ணீர் கலந்து விற்பதாக
யாரோ புகார் கொடுத்ததுபோல.

எக்ஸ்ரேயில் என் எலும்புகள்
விருந்தாளி வரும் வீடாட்டம் ஒழுங்காய் இருந்தன.
"இந்த வயதில் அப்படித்தான்" என்றார் ஒருவர்.
"கணவர் எப்படி?" என்றார் இன்னொருவர்.
கணவர் நன்றாக இருக்கிறார். வடக்கே ஆன்டோஃபகஸ்தாவில்,
வேறொருத்தியோடு. அவருக்கு மூட்டுவலியாம்.
வீங்கியிருக்கிறதாம், எல்லோரும் பார்க்கலாமாம்.

எனக்கு வீக்கம் இல்லை.
இரவெல்லாம் யாரோ என்னை அடித்துத் துவைத்துப்
பிழிந்துவிட்டு
காயப்போட மறந்த மாதிரி விடிகிறது.
காலர் உரசினால் தோள் எரிகிறது.
சில்லறை எண்ணும்போது நூறு பெசோ நாணயம்
கட்டைவிரல் அடியில் ஆணியாகிறது.
இடுப்பில் குடைச்சல், தொடையில் உளைச்சல்,
மண்டைக்குள் பஞ்சு.
நேற்று ஒரு பையன் மூன்று சீட்டு கேட்டான்.
மூன்று என்றால் எவ்வளவு என்று
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் எலியுத்தேரியோ
திருப்புளி முனையைப் பல்சக்கரத்தில் வைத்து
கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டான்.
அன்று ஒரு சத்தமும் இல்லை.
"நான் பொய் சொன்னதாக எழுதப்போகிறாயா?" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
"ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும், இந்தப் பழுது.
எந்த நேரம், என்ன குளிர், எத்தனை பேர் ஏறினார்கள்,
எழுதி வை. நான் மறுபடி வருகிறேன்."

சீட்டுச் சுருளின் பின்பக்கம் வெள்ளை.
எழுத ஆரம்பித்தேன். விஞ்சைப் பற்றி அல்ல.

ஜூன் 9. கடல்மூட்டம். கழுத்து, இரண்டு முழங்கையும். தூக்கம் இரண்டு மணி.
ஜூன் 10. விஞ்ச் ஓடவில்லை. படியேறினேன். இரவு போர்வையே பாரம்.
ஜூன் 14. ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.
ஜூன் 15. அப்பாடா, வந்துவிட்டது.

இந்தக் கடைசி வரியை அடித்துவிட்டேன்.
பிறகு அதன் கீழேயே மறுபடி எழுதினேன்.

ஆகஸ்டில் சல்தீவியா விடுப்பு.
அவர் நாற்காலியில் ஒரு பெண், பேச்சில் சிலோயே தீவு மணக்க,
பெயர் மியாலோங்கோ. கோட்டின் கை அவளுக்கு நீளம்.
சுருளை மேசையில் வைத்தேன். அது தானே உருண்டு
விளிம்பு தாண்டித் தரையெல்லாம் விரிந்தது.
அவள் மண்டியிட்டு
மறுமுனையைத் தேடிப் பிடித்து
அங்கேயே உட்கார்ந்து வாசித்தாள்.
கதவை இரண்டு முறை தட்டினார்கள்.
"இருங்கள்" என்றாள், தலை நிமிராமல்.

ஜூன் 15இல் நின்றாள். அடித்த வரியின் மேல் விரல்.
எழுந்து வந்து
என் தோளருகே கையை நிறுத்திக் கேட்டாள்:
"தொடலாமா?"

ஃபைப்ரோமயால்ஜியா என்றாள்.
இரண்டு முறை சொல்லச் சொன்னேன்,
மூன்றாவது முறை தாளில் எழுதித் தந்தாள்.
குணமாகுமா?
"மாட்டாது" என்றாள். "ஆனால், இருக்கிறது."

திரும்பும்போது விஞ்ச் வாசலில் அதே பலகை.
உள்ளே எலியுத்தேரியோவின் கால்கள் மட்டும் தெரிந்தன.
மழையில் படியேறினேன்.
முப்பதாவது படியில் உட்கார்ந்து சுருளை எடுத்தேன்.
ஒழுங்காய்ச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுத்
தந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 3. மழை. வலது இடுப்பு.
அதற்குமேல் ஈரத்தாளில் பேனா ஓடவில்லை.